கேள்வி நேரம்: ஜப்பானியத் தோட்டத்துக்கு மேப்பிள் அவசியமா?

கேள்வி: ‘‘மலை அடிவாரத்தில் அரை ஏக்கரில் நர்சரி வைத்திருக்கிறோம். பக்கத்தில் புதிதாக விடுதி கட்டுபவர், பத்து சென்ட் இடத்தில் ஜப்பானிய முறைத் தோட்டம் அமைத்துத் தரச் சொல்கிறார். ஜப்பான் மேப்பிள், கறுப்பு பைன், அசேலியா, பாசி என்று ஒரு பட்டியலும் கொடுத்திருக்கிறார். நட்ட செடி ஒரு வருடத்துக்குள் பட்டுப்போனால், எங்கள் செலவில் மாற்றித் தர வேண்டுமாம். வெளிமாநிலத்திலிருந்து செடிகளை வரவழைக்க நகையை அடகு வைக்கலாமா என்று வீட்டில் பேச்சு நடக்கிறது. இந்தச் செடிகள் இல்லாமல் ஜப்பானியத் தோட்டம் அமையாதா?’’

– ஒரு வாசகர், திண்டுக்கல் மாவட்டம்.

பதில்: அமையும். அந்தப் பட்டியலுக்காக நகையை அடகு வைக்க வேண்டாம். மேப்பிளும் கறுப்பு பைனும் குளிர்காலம் பார்த்து வளரும் மரங்கள். ஜப்பான் மேப்பிள், குளிரில் இலை முழுவதையும் உதிர்த்து, சில மாதம் உறங்கி, பிறகு துளிர்க்கும். அந்த உறக்கத்துக்குக் குளிர் வேண்டும். அடிவாரத்தில் அது கிடைக்காது. போதாக்குறைக்கு, சித்திரை வெயிலும் காய்ந்த காற்றும் பட்டால் இலையின் ஓரம் முதலில் கருகும். அதற்குப் பிறகு கிளை கிளையாகக் காயும். ஒரு வருடத்துக்குள் மாற்றித் தருவதாகக் கையெழுத்துப் போட்டால், மாற்றிக்கொண்டேதான் இருக்க வேண்டும்.

விடுதிக்காரர் கேட்டது தோட்டம். பட்டியல், படத்தைப் பார்த்து எழுதியதாகத்தான் இருக்கும். ஜப்பானில் தோட்டம் போடுகிறவர்கள் செடியை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பது தெரிந்தால், அவரிடம் எடுத்துச் சொல்வது சுலபம்.

இல்லாததற்கு ஈடு

தோட்டம் அமைப்பது பற்றி ஜப்பானில் எழுதப்பட்ட மிகப் பழைய நூல் ‘சகுதேய்கி’. 11-ம் நூற்றாண்டைச் சேர்ந்தது. வீட்டின் நான்கு திசையிலும் என்னென்ன அமைய வேண்டும் என்று அது சொல்கிறது. கிழக்கே ஓடை, மேற்கே பெரிய சாலை, தெற்கே குளம், வடக்கே குன்று. இவை எல்லோருக்கும் அமைந்துவிடாது. அதற்கும் அந்த நூலில் வழி இருக்கிறது. கிழக்கே ஓடை இல்லையா? ஒன்பது வில்லோ மரங்களை நடலாம். வடக்கே குன்று இல்லையா? மூன்று சைப்ரஸ் மரங்களை நடலாம். ஆக, ஓர் இடத்தில் இல்லாததற்கு மரத்தை ஈடு வைக்கும் பழக்கம், அந்த ஊரில் ஆயிரம் வருடமாக இருக்கிறது.

ஊருக்கு ஊர் செடி வேறு

ஜப்பான் வடக்கே பனியில் தொடங்கி, தெற்கே வெப்பமான தீவுகளில் முடியும் நாடு. எல்லா ஊரிலும் ஒரே செடியை வைப்பதில்லை.

கனசவா நகரில் ‘கென்ரோக்குஎன்’ என்ற புகழ்பெற்ற தோட்டம் இருக்கிறது. அங்கே பைன் மரங்கள்தான் நாயகர்கள். ஆனால், அந்த ஊர்ப் பனி ஈரமானது, கனமானது. கிளை முறிந்துவிடும். அதனால் வருடந்தோறும் நவம்பர் 1-ம் தேதி வேலையைத் தொடங்கி, மரத்தின் நடுவே உயரமான கம்பம் நட்டு, அதன் உச்சியிலிருந்து ஒவ்வொரு கிளைக்கும் கயிறு கட்டித் தாங்குகிறார்கள். குடைக்கம்பி போல விரிந்து நிற்கும் அந்தக் கயிறுகளைப் பார்க்கவே கூட்டம் வருகிறது.

கியோட்டோ நகரம் மலைகள் சூழ்ந்த ஈரப்பதமான பள்ளம். அங்கே பாசி தானாகவே வரும். 120 வகைப் பாசிகள் மூடியிருக்கும் சைஹோஜி கோயில் தோட்டம் அங்குதான் இருக்கிறது. அந்தத் தோட்டத்தை 1339-ல் சீரமைத்தவர் முசோ சொசெகி என்ற துறவி. அவர் பாசியை நடவில்லை. பின்னாளில் பராமரிக்க ஆளில்லாமல் கிடந்த காலத்தில், ஈரமும் நிழலும் சேர்ந்து பாசி படர்ந்தது. வந்ததைச் சுரண்டி எறியாமல், அதையே தோட்டமாக வைத்துக்கொண்டார்கள்.

தெற்கே ககோஷிமா மாவட்டத்தில் சிரான் என்ற ஊர். பழைய சாமுராய் வீடுகளின் தோட்டங்கள் ஏழு, 1981-ல் நாட்டின் அழகிய இடங்களாக அறிவிக்கப்பட்டன. அங்கே கண்ணில் படுவது பெரும்பாலும் ‘மகி’ என்ற போடோகார்பஸ் மரத்தின் வேலி. பச்சை மதிலை மலைத்தொடர் போல மேடும் பள்ளமுமாக வெட்டி வைத்திருக்கிறார்கள். அது தேயிலை விளையும் பகுதி. அதனால் தேயிலைச் செடியே சில இடங்களில் வேலியாக நிற்கிறது.

இன்னும் தெற்கே போனால் ஓகினாவா தீவு. தலைநகர் நஹாவில், ரியூக்யூ அரசர்கள் 1799-ல் அமைத்த ‘ஷிகினாஎன்’ தோட்டம் இருக்கிறது. நடுவே குளம், குளத்தில் தீவு, வளைந்த பாலம், சுற்றி வர நடைபாதை என்று அமைப்பு பெரும்பாலும் ஜப்பானிய முறை. மரங்கள் மட்டும் வெப்ப நாட்டு மரங்கள். நம் நர்சரிகளில் ‘ஃபைகஸ்’ என்று விற்கும் இச்சி மரம் அங்கே விழுது விட்டு நிற்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலைச் சோலைகளில் இருக்கும் சோழவேங்கை, அங்கே தோப்பாகவே நிற்கிறது. 1945 போரில் அழிந்த இந்தத் தோட்டத்தைப் பிறகு மீட்டெடுத்தார்கள். 2000-ம் ஆண்டு உலகப் பாரம்பரியச் சின்னங்களில் ஒன்றாகவும் சேர்ந்தது. மேப்பிளை நம்பி இல்லாத தோட்டத்துக்குக் கிடைத்த மரியாதை இது. விடுதிக்காரரிடம் காட்ட வேண்டிய படம் இந்தத் தோட்டத்தின் படம்தான்.

செடிக்கு வேலை என்ன?

பட்டியலில் உள்ள ஒவ்வொரு செடிக்கும் தோட்டத்தில் ஒரு வேலை உண்டு. அந்த வேலையைச் செய்யும் உள்ளூர்ச் செடி எது என்று பார்த்தால் போதும்.

பைன் மரம் வருடம் முழுவதும் பச்சையாக நிற்க வேண்டும். காற்றில் சாய்ந்து வயதான மரம் போலத் தெரிய வேண்டும். ஜப்பானில் கடலோரத்துக்குக் கறுப்பு பைன், மலைப்பக்கத்துக்குச் சிவப்பு பைன் என்று வைக்கிறார்கள். அடிவாரத்தில் அந்த வேலையைச் சவுக்கு செய்யும். ஊசி போன்ற அதன் தோற்றம், தூரத்திலிருந்து பார்த்தால் பைனை ஒத்திருக்கும். வெப்ப நாடுகளில் போன்சாய் வளர்ப்பவர்கள் பைனுக்குப் பதில் சவுக்கைத்தான் எடுக்கிறார்கள். கம்புக்கு வளர்க்கும் முறையில் நெருக்கி நடாமல், இளங்கன்றிலேயே நுனியைக் கிள்ளி, பக்கக் கிளைகளை மூங்கில் குச்சியில் தேங்காய் நார்க் கயிற்றால் கட்டிப் படுக்க வைக்க வேண்டும். ஜப்பானிலும் இதே வேலைக்கு மூங்கிலும் பனை இனத்து நார்க் கயிறும்தான் பயன்படுகின்றன.

மேப்பிளுக்கு இரண்டு வேலை. மெல்லிய இலைகளால் நிழலைச் சலித்து விடுவது ஒன்று. நிறம் மாறிப் பருவத்தைக் காட்டுவது மற்றொன்று. முதல் வேலைக்கு நெல்லி மரம் பொருத்தம். சின்னச் சின்ன இலை, லேசான நிழல், காயும் கிடைக்கும். இரண்டாவது வேலைக்கு நாட்டு வாதுமை. உதிர்வதற்கு முன் அதன் இலை செக்கச்செவேல் என்று சிவக்கும். ஓகினாவாவிலும் இலை சிவப்பதற்குப் பேர்போன மரம் இதுவே. இலை பெரியது என்பதால், பத்து சென்ட்டுக்கு ஒரு மரம் போதும். அதையும் ஓரமாக வைக்க வேண்டும்.

அசேலியாவுக்கு, வெட்டி உருட்டிய பாறை போலவோ மேகம் போலவோ நிற்கும் வேலை. கியோட்டோவின் ஷோடென்ஜி கோயிலில் கற்களே இல்லை. வெண்மணலில் அசேலியாவை ஏழு, ஐந்து, மூன்று என்று மூன்று கூட்டமாக வெட்டி வைத்திருக்கிறார்கள். அடிவாரத்தில் இதற்கு இட்லிப்பூவின் குட்டை ரகம் ஏற்றது. இரண்டுக்குமே புளிப்புத் தன்மையுள்ள மண்தான் பிடிக்கும். சுண்ணாம்புச் சத்து அதிகமுள்ள மண்ணிலும், உப்புக் கிணற்று நீரிலும் இலை மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாகத் தெரியும். அது பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறைபாடு. நடுவதற்கு முன்பே மண்ணையும் தண்ணீரையும் பரிசோதித்துக்கொண்டால், பிறகு மருந்துக்கு அலைய வேண்டாம்.

பாசிக்குத் தரையை மூடும் வேலை. வெயில் விழும் இடத்தில் பாசி நிற்காது. ‘மாண்டோ கிராஸ்’ என்ற பெயரில் நம் நர்சரிகளில் விற்கும் குட்டைப் புல்லை வைக்கலாம். இது ஜப்பானில் ‘டிராகன் தாடி’ என்ற பெயரில் காலங்காலமாகத் தோட்டங்களில் இருக்கும் செடி. அரை நிழல் கிடைத்தால் நன்றாகப் படரும். முழு வெயில் படும் இடத்தில் செடியே வேண்டாம். சரளைக் கல் போதும். அதுவும் ஜப்பானிய முறைதான்.

சைகஸ் அப்படியே இருக்கட்டும். அது ஜப்பானின் தென்பகுதிச் செடி. கியோட்டோவின் நிஜோ கோட்டையில் குளிர் தாங்காது என்று, டிசம்பரில் அதற்கு வைக்கோல் சட்டை கட்டிவிடுகிறார்கள். இங்கே அந்தச் செலவு இல்லை. குளத்துக்குத் தாமரை. அது அங்கேயும் கோயில் குளத்துப் பூதான். குளம் வெட்டினால், கொசுப்புழுவைத் தின்ன மீன் விட மறக்கக் கூடாது.

மூங்கிலில் கவனம் வேண்டும். ஜப்பானில் பெரிதாக வளரும் ‘மோசோ’ மூங்கில், சீனாவிலிருந்து வந்தது. 1736-ல் ககோஷிமாவின் செங்கான்என் தோட்டத்தில் நட்டதாகக் குறிப்பு இருக்கிறது. தரைக்கு அடியில் வேர்த்தண்டு ஓடிக்கொண்டே இருக்கும். கவனிக்க ஆளில்லாத மூங்கில் தோப்புகள், இன்று அங்கே பக்கத்துக் காட்டுக்குள்ளும் விவசாய நிலத்துக்குள்ளும் புகுந்து பெரும் தொல்லையாகிவிட்டன. ஓடும் வகையை வாங்காமல், புதராக நிற்கும் நம் ஊர் மூங்கிலை வைப்பது பாதுகாப்பு. பக்கத்து நிலத்துக்காரரோடு சண்டையும் வராது.

கத்திரிக்கும் காலம்

செடி எதுவானாலும், அதை ஜப்பானியத் தோட்டமாக்குவது கத்திரிதான். பைன் மரத்துக்கு வசந்தத்தில் புதுக் குருத்தைக் கையால் கிள்ளுகிறார்கள். குளிர்காலத்துக்கு முன் பழைய ஊசி இலைகளைக் கையாலேயே உருவி எடுக்கிறார்கள். ஒரு பெரிய மரத்துக்கு ஓர் ஆளின் முழு நாள் வேலை போய்விடும். அசேலியாவைப் பூ முடிந்ததும் வெட்டிவிடுகிறார்கள். தாமதித்தால், அடுத்த வருடப் பூமொட்டு வெட்டில் போய்விடும். இட்லிப்பூ கிளை நுனியில்தான் பூக்கும். மாதந்தோறும் வெட்டினால் உருண்டை அழகாக இருக்கும், பூ இருக்காது. பூ வேண்டுமா, உருவம் வேண்டுமா என்பதை விடுதிக்காரரிடம் முன்பே கேட்டுக்கொள்வது நல்லது.

இங்கேதான் நர்சரிக்கு நிலையான வருமானம் இருக்கிறது. செடி விற்பது ஒரு தடவை. கவாத்து வேலை வருடம் முழுவதும். செடிக்கு ஒரு விலை, பராமரிப்புக்கு மாதக் கூலி என்று தனித்தனியாகப் பேசினால், செடியும் பிழைக்கும். ‘பட்டுப்போனால் மாற்றித் தருவோம்’ என்ற வாக்கை, நர்சரியே தண்ணீரும் கவாத்தும் பார்க்கும் செடிகளுக்கு மட்டும் கொடுக்கலாம். விடுதியின் ஆட்கள் தண்ணீர் விட மறந்ததற்கு நர்சரி பொறுப்பாகக் கூடாது. அதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். விடுதிக்காரர் மேப்பிள்தான் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றால், அவர் பணத்தில், அவர் பொறுப்பில், ஒரே ஒரு கன்றை நிழலில் வைத்து ஒரு கோடை பார்க்கலாம்.

ஆடு, மாடு எச்சரிக்கை

வெட்டிய தழையை ஆட்டுக்குப் போடும் பழக்கம் நம்மிடம் உண்டு. சைகஸ், அசேலியா இரண்டும் கால்நடைக்கு விஷம். ஜப்பானில் ‘அசெபி’ என்றொரு தோட்டச் செடி இருக்கிறது. அதன் பெயரைக் ‘குதிரை மயங்கும் மரம்’ என்ற பொருளில் எழுதுகிறார்கள். மான்கள் திரியும் நாரா நகரப் பூங்காவில் மான்கள் அதைத் தொடுவதில்லை. அதனாலேயே அது அங்கே மண்டிக் கிடக்கிறது. தோட்டத்துத் தழை எதுவானாலும், விஷமில்லை என்று தெரியாமல் பட்டியில் போடக் கூடாது.

கேள்வி: ‘‘கொடைக்கானல் மலையில் இரண்டு ஏக்கர் இருக்கிறது. எங்கள் குளிரில் அசேலியா, மேப்பிள் வருமா? தோட்டம் போடுகிறவர்கள் பாசி கேட்கிறார்கள். சோலையில் நிறைய இருக்கிறது. எடுத்துக் கொடுக்கலாமா?’’

– ஒரு வாசகி, கொடைக்கானல்.

பதில்: அசேலியா மலையில் நன்றாக வரும். ஜப்பானில் ‘சட்சுகி’ என்று கொண்டாடும் அசேலியாவின் தாவரவியல் பெயரில் ‘இண்டிகம்’ என்று வருவதால், அது இந்தியச் செடி என்று சிலர் நினைக்கலாம். அதன் பிறப்பிடம் ஜப்பான்தான். ஆனால், அதன் உறவுக்கார மரம் நம் மலைகளில் உண்டு. சோலை ஓரங்களில் சிவப்பாகப் பூக்கும் காட்டுப்பூவரசு, அதே ரோடோடெண்ட்ரான் குடும்பம். எனவே மண் ஒத்துப்போகும். மேப்பிளை மலையில் முயன்று பார்க்கலாம். பிற்பகல் வெயிலும் பலத்த காற்றும் படாத இடமாக வேண்டும். தேயிலைச் செடி இருந்தால், அதையே உருண்டையாக வெட்டி வளர்க்கலாம். காசு கொடுத்து வேறு செடி வாங்க வேண்டாம்.

பாசி விஷயத்தில் அவசரப்படக் கூடாது. காப்புக்காட்டிலிருந்து பாசியோ, பெரணியோ, காட்டுப்பூவரசுக் கன்றோ எடுப்பது குற்றம். அப்படியே எடுத்தாலும் பயனில்லை. பாசிக்கு வேர் கிடையாது. உடம்பு முழுவதாலும் ஈரத்தை உறிஞ்சி வாழ்கிறது. சோலை மண்ணில் பல வருடம் படர்ந்ததைப் பெயர்த்து வெயிலில் வைத்தால், காய்ந்து உதிரும். சோலையில் அந்த இடம் வழுக்கையாகிவிடும். மழை விழும்போது, அந்த மண்ணைப் பிடித்து வைக்கவும் ஒன்றும் இருக்காது.

சொந்த நிலத்தில் பாசியை வரவழைக்க வழி இருக்கிறது. நிழலான, நீர் தேங்காத சரிவில் களையைக் கையால் எடுத்து, மண்ணைத் தட்டி இறுக்கி, உதிர்ந்த இலையை நாள்தோறும் மெதுவாகக் கூட்டிவிட வேண்டும். எரு, உரம் எதுவும் போடக் கூடாது. போட்டால் புல்தான் முந்தும். காலை, மாலை நீரைப் பனி போலத் தெளித்தால் போதும். சொந்தச் சுவரிலும் கல்லிலும் உள்ள பாசியைச் சிறிது எடுத்து, உதிர்த்துத் தூவியும் தொடங்கலாம். பச்சை மூடுவதற்குப் பொறுமை வேண்டும். அப்படி வளர்ந்த பாசியை விற்கும்போது, யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

கேள்வி: ‘‘ஜப்பானில் இந்தத் தோட்டச் செடிகளை யார் வளர்க்கிறார்கள்? சிறு விவசாயிகளுக்கு அதில் இடம் இருக்கிறதா?’’

– ஒரு வாசகர், ஓசூர்.

பதில்: பெரும்பாலும் நர்சரி கிராமங்களில்தான் வளர்கின்றன. டோக்கியோவுக்கு வடக்கே, கவாகுச்சி நகரில் உள்ள அங்யோ பகுதி அப்படிப்பட்டது. 1657-ல் எடோ என்ற பழைய டோக்கியோ பெருந்தீயில் எரிந்தது. ஊரைத் திரும்பக் கட்டியபோது, அங்கிருந்து செடிகளும் மரங்களும் போயின என்று அந்தப் பகுதியின் வரலாறு சொல்கிறது. ஒரு நகரத்தின் தேவையை நம்பி, பல தலைமுறைகள் அங்கே வாழ்ந்திருக்கின்றன.

ஒவ்வொரு ஊரும் தன் மண்ணுக்கு ஏற்ற ஒன்றைப் பிடித்துக்கொண்டது. குருமே நகரத்துக்கு அசேலியா. 1918-ல் எர்னஸ்ட் வில்சன் என்ற தாவர ஆய்வாளர் அங்கே வந்து, 50 ரகங்களைத் தேர்ந்தெடுத்து அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார். சிபா மாவட்டத்தில் மகி மரம். வருடக்கணக்கில் கிளை கிளையாகப் பழக்கி, சீனா, வியட்நாம் வரை ஏற்றுமதி செய்கிறார்கள். கனுமா நகரத்துக்குச் செடி அல்ல, மண்ணே சரக்கு. எரிமலை உமிழ்ந்த மஞ்சள் நிற நுரைக்கல் மண், லேசானது, புளிப்பானது. அசேலியாத் தொட்டிக்கு அதைவிடப் பொருத்தமான மண் இல்லை என்று மூட்டை கட்டி விற்கிறார்கள்.

அவர்களிடம் கற்றுக்கொள்ள வேண்டிய தொழில்நுட்பம் ஒன்று உண்டு. வளர்ந்த மரத்தை இடம் மாற்ற வேண்டுமானால், உடனே பெயர்ப்பதில்லை. பல மாதங்களுக்கு முன்பே, சில மரங்களுக்கு ஒரு வருடத்துக்கும் முன்பே, சுற்றிலும் குழி எடுத்து, பெரிய வேர்களில் சிலவற்றை வெட்டிவிட்டு, மண்ணை மூடிவிடுகிறார்கள். வெட்டிய இடத்துக்கு அருகே மெல்லிய புது வேர்கள் கூட்டமாக வரும். அதன் பிறகு வேர்க்கட்டோடு எடுத்தால், புது இடத்தில் மரம் வாடாது. இதற்கு ‘நெமவாஷி’ என்று பெயர். வேரைச் சுற்றி வருவது என்று பொருள். ஒரு முடிவை எடுக்கும் முன், சம்பந்தப்பட்டவர்களிடம் ஒவ்வொருவராகப் பேசிவைப்பதற்கும் ஜப்பானிய அலுவலகங்களில் இதே சொல்லைத்தான் சொல்கிறார்கள்.

சாலை விரிவாக்கத்தில் வெட்டப்போகும் மரம், வீடு கட்டும் இடத்தில் நிற்கும் நெல்லி, வரப்பில் வளைந்து வளர்ந்த இச்சி என்று, உரிய அனுமதியோடு இந்த முறையில் எடுத்து வளர்க்கும் மரங்களுக்குத் தோட்டக்காரர்களிடம் மதிப்பு உண்டு. முதலீடு குறைவு. காலம் மட்டும் அதிகம். கால் ஏக்கரில் நூறு சவுக்கு, நூறு இட்லிப்பூ என்று சின்னதாகத் தொடங்கி, மற்ற நிலத்தில் வழக்கமான பயிரை வைத்துக்கொண்டால், மரம் உருவாகும் வரை குடும்பம் கஷ்டப்படாது.